எண்ணெயை எங்கே ஊற்றுவது?

1

இந்தக் கதை இரக்கத்தில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அது எரிச்சலில் பிறந்தது. அறந்தாங்கியில் ஒரு பெட்ரோல் பங்க். சித்திரை வெயில். எனக்கு முன்னால் நின்றவர் தன் புது மொபெட்டுக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து அடிக்கச் சொன்னார். பங்க்கில் வேலை பார்க்கும் பெண், இது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி, இதற்குக் கலக்கக் கூடாது என்று பணிவாகச் சொன்னாள். அவர், வண்டி யாருடையது என்று கேட்டார். வரிசை நீண்டது. கடைசியில் அவர் வண்டியின் முன்பையிலிருந்து ஓர் எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழித்து, தானே டேங்கில் ஊற்றினார். ஊற்றிவிட்டு, உழவு முடிந்த மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல டேங்கைத் தட்டிக்கொடுத்தார்.

அந்தத் தட்டல் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. மற்றபடி அவரை நான் மனத்துக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். விளக்கேற்றி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தால் கோபம் குறையும் என்பார்கள். குறைந்தது. கதை வந்துவிட்டது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "கிழக்கு வெளுக்க, கட்டுமாவடிக் கடல் தங்கத் தாம்பாளமாய்"

அங்கேயே நிறுத்திவிட்டேன். விடிகாலையில் மீன் எடுக்க வருகிற எவரும் கடலைப் பார்ப்பதில்லை. கூடையைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாம் வரைவு: "உள்ளெரி பொறி என்பது எரிபொருளில் உறைந்துள்ள வேதியாற்றலை"

இதற்கென்று ஒரு பாடப்புத்தகம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே யாரும் படிப்பதில்லை.

மூன்றாம் வரைவு: "நாகராசுவின் வண்டி சத்தம் போடாமல் வந்ததால் அன்றைக்கு ஊரில் யாரும் மீன் வாங்கவில்லை."

இது இருக்கட்டும்.

2

நாகராசு கட்டுமாவடியில் மீன் எடுத்து, பெட்டியில் ஐஸோடு அடுக்கி, மொபெட்டின் பின்னால் கட்டி, அறந்தாங்கிப் பக்கத்து ஊர்களில் விற்பவர். அவர் போகும் ஊர்களுக்கு மொத்தமாக 'லைன்' என்று பெயர். லைனுக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைக்காத சட்டம் என்பதால் எல்லோரும் மதிக்கிறார்கள். ஒருவர் ஊருக்குள் இன்னொருவர் வண்டியை விடக் கூடாது. எந்த வண்டிச் சத்தத்துக்குப் பெண்கள் சட்டியோடு வெளியே வருகிறார்களோ, அந்த வண்டிக்காரருக்கு அந்த ஊர் சொந்தம்.

(ஊரின் பெயரை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அங்கே எனக்குச் சம்பந்தி முறையில் ஆட்கள் இருக்கிறார்கள். இனி வரப்போகும் ஆலோசகர்களைப் படித்துவிட்டு, அது தாங்கள்தான் என்று ஊர் முழுக்கச் சண்டைக்கு வரும்.)

நாகராசுவின் பழைய மொபெட் டூ ஸ்ட்ரோக். ஊருக்குள் திரும்பும் முன்பே அதன் படபடப்பு கேட்டுவிடும். முதலில் பூனைகள் எழும், பிறகு பெண்கள். நீலமாய் ஒரு புகை பின்னால் வரும். அந்தப் புகை வாசனை வந்தாலே அன்றைக்கு வீட்டில் புளி ஊறவைத்துவிடுவார்கள். அதனால் அவர் ஹாரன் வாங்கியதில்லை, ஒருநாளும் கூவியதில்லை.

அந்த வண்டி பழசாகி, அதை விற்றுவிட்டுப் புதிது வாங்கப் போனபோது, கடையில் ஃபோர் ஸ்ட்ரோக் தவிர வேறு மொபெட் இல்லை. அது, சந்நிதிக்குள் நுழைகிறவரைப்போல அடக்கமாக வந்து நின்றது. யாரும் வெளியே வரவில்லை. வேறு வழியின்றி நாகராசு கூவிப் பார்த்தார். பழக்கமில்லாத அந்தக் குரல், பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்தவர் குரல்போல இருந்தது. இரண்டு வீட்டார் என்ன ஆச்சு என்று ஓடிவந்தார்கள். மீன் வாங்கவில்லை.

எண்ணெய் கலக்கக் கூடாது என்று அவரிடமும் சொன்னார்கள். பங்க்கில் எண்ணெயை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டார். பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாதே என்று சொன்னால் கேட்போமா? தானே பாக்கெட் வாங்கி, ஒவ்வொரு நாளும் காலையில் டேங்கில் ஊற்றித் தட்டிக்கொடுத்தார். கொஞ்சம் புகை வந்தது. வண்டி தன் வழிக்கு வந்துகொண்டிருக்கிறது என்று மகிழ்ந்தார்.

சர்வீஸுக்கு விடவில்லை. விட்டால் வண்டியை நாள் முழுக்க அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள், பெட்டியிலுள்ள மீன் அதுவரை காத்திருக்காது.

3

இந்த இடத்தில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று சொல்லியாக வேண்டும். கதை மட்டும் போதும் என்பவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். போனவர்கள் பிறகு நாகராசுவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

கல்யாண மண்டபத்தில் மதியப் பந்தியைப் பார்த்திருப்பீர்கள். சாப்பிடுகிறவர் அப்போதுதான் ரசத்துக்கு வந்திருப்பார். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அடுத்தவர் நிற்பார். இவர் எழுந்து முடிப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிடுவார். உள்ளே வரும் கூட்டமே வெளியே போகும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த நெரிசலில், சாப்பிடாத நாலு பேரும் கைகழுவும் இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள். டூ ஸ்ட்ரோக் என்பது இதுதான். பிஸ்டன் ஒரு தடவை மேலே போய் ஒரு தடவை கீழே வந்தால் ஒரு பந்தி முடிந்தது. மேலே போகும்போது, தலைக்கு மேலே உள்ள பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை நெருக்குகிறது. அதே வேளையில் காலுக்குக் கீழே அடுத்த பந்திக்கான கலவையை இழுத்துக்கொள்கிறது. உச்சியில் பொறி விழுகிறது, வெடிக்கிறது, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. கீழே வரும் வழியில் புகை வெளியேறும் துளை திறக்கிறது. அது மூடுவதற்குள் புதுக் கலவை நுழையும் துளையும் திறந்துவிடுகிறது. புதியது பழையதைத் துரத்துகிறது. துரத்தும் வேகத்தில் கொஞ்சம் புதியதும் எரியாமலே ஓடிவிடுகிறது. சுற்றுக்கு ஒரு வெடி. அவ்வளவு சத்தம் அதனால்தான்.

ஃபோர் ஸ்ட்ரோக், நிதானமான வீட்டுப் பந்தி. வாசல் கதவு திறந்து ஆட்கள் வருவது, பிஸ்டன் கீழே இறங்கும் முதல் நடை. கதவைச் சாத்தி நெருக்கி உட்காரவைப்பது, மேலே ஏறும் இரண்டாம் நடை. சாப்பாடு, அதாவது பொறியும் வெடியும், மீண்டும் கீழே. கொல்லைக் கதவைத் திறந்து அனுப்பிவிட்டு இலையெடுப்பது, மீண்டும் மேலே. இரண்டு சுற்றுக்கு ஒரே வெடி. வர ஒரு கதவு, போக ஒரு கதவு. தள்ளுமுள்ளு கிடையாது. அதனால்தான் அந்த அடக்கம்.

எண்ணெய் விஷயம் இனிமேல்தான். டூ ஸ்ட்ரோக் பந்திக்கு வருகிறவர்கள் சமையற்கட்டு வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். பிஸ்டனுக்குக் கீழே சுழலும் தண்டும் தாங்கிகளும் இருக்கிற அறைதான் அந்தச் சமையற்கட்டு. ஆகவே பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து அனுப்பினால் போதும். போகிற வழியில் சமையல்காரர்களுக்கு அவர்கள் பங்கு கிடைத்துவிடும். மிச்சம் எரிந்து புகையாகும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் விருந்தாளி வாசல் வழியாக வந்து கொல்லை வழியாகப் போகிறார். சமையற்கட்டைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அங்கே இருக்கிறவர்களுக்கு வேறொரு வாய் வழியாகத் தனியாக எண்ணெய் ஊற்றி, அவ்வப்போது மாற்ற வேண்டும். விருந்தாளிகளோடு எவ்வளவு எண்ணெய் அனுப்பினாலும் அது புகையாகப் போகுமே தவிர, உள்ளே ஒரு சொட்டுகூடச் சேராது.

நம் வாழ்விலும் பாருங்கள், வாசலில் வருகிறவருக்கு ஓடி ஓடி ஊற்றுகிற நாம், சமையற்கட்டில் நிற்கிறவரை ஒரு நாளாவது

[இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். வீட்டில் சமையற்கட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, மூன்று மணியாகிறது, சாப்பிட வருவதாக உத்தேசமா என்று கேட்டார். அவர் சாப்பிட்டாயிற்றா என்று நான் கேட்டேன். உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.]

4

நான் பெயரை அடித்துவிட்ட அந்த ஊரில் சொர்ணம் என்று ஓர் அம்மாள் இருக்கிறார். அவர் மகள் காவ்யா தலைப்பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருக்கிறாள். குழந்தைக்குப் பால் போதவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை அவித்து உதிர்த்துப் பூண்டு நிறையப் போட்டுப் புட்டு செய்து கொடுத்தால் பால் ஊறும் என்பது சொர்ணத்தின் நம்பிக்கை. கடற்கரைப் பக்கம் அத்தனை பேருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. டாக்டர் என்ன சொல்வாரோ எனக்குத் தெரியாது. காவ்யாவும் அதை நம்பினாள், அழுகையை நிறுத்தி அந்தச் சுறாவுக்காகக் காத்திருந்தாள் என்பதுதான் கதைக்கு வேண்டியது.

மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகள் கரையில் நிற்கின்றன. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன். பால்சுறா கண்ணில் படவே இல்லை. சொர்ணம் வாசலில் வழிமறித்துக் கேட்கும்போதெல்லாம் நாகராசு வெறுங்கையை விரித்தார். கடைசியில் ஒருநாள் காலை ஒன்று கிடைத்தது. ஏலத்தில் மற்றவர்கள் கேட்பதற்கு முன்பே, பிள்ளை பெற்றவளுக்கு என்று சொல்லி அவர் கையை வைத்துவிட்டார். அந்தச் சொல்லுக்கு எங்கள் கரையில் மேல்கேள்வி கிடையாது. போனில் சொர்ணத்துக்குச் சொல்லிவிட்டு, டேங்கில் எண்ணெயை ஊற்றித் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

சில நாட்களாகவே எஞ்சினுக்குள் டொக் டொக்கென்று ஒரு தட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. கடையில் ஊற்றிக் கொடுத்த எண்ணெய் தீர்ந்துபோய், உள்ளே இரும்பும் இரும்பும் உரசிக்கொள்ளும் சத்தம் அது. நாகராசு அதைக் கேட்டுப் பூரித்துப்போயிருந்தார். அந்தச் சத்தத்துக்குப் பெண்கள் மீண்டும் வெளியே வரத் தொடங்கியிருந்தார்கள்.

(இந்த மனிதர் இவ்வளவு அறியாதவரா என்று எனக்கே ஒரு சந்தேகம். கொஞ்சம் புத்தி கொடுக்கலாமா என்று யோசித்தேன். பிறகு, எங்கள் தெருவில் கோயில் மணிக்கூண்டுக்கு இரண்டாம் தடவை பெயின்ட் அடித்த அதே வாரம், மணியடிக்கிறவர் கூலி கேட்டு நடையாய் நடந்தது நினைவுக்கு வந்தது. நாகராசு அப்படியே இருக்கட்டும்.)

5

கண்மாய்க்கரை பஸ் நிழற்குடைக்கு எதிரே வண்டி ஒரு முனகலோடு நின்றது. உதைத்தால் உதைகோல் இறங்கவில்லை. பூட்டிக்கொண்டுவிட்டது. சாலை அங்கிருந்து கண்மாயைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் ஊரைத் தொடும். நேராகப் போக முடியாது. வற்றிய கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேல முள்.

நிழற்குடையிலிருந்து நிபுணர்கள் எழுந்து வந்தார்கள். முதலில் வீரய்யா. வெளிநாட்டில் லாரி ஓட்டியவர் என்பதால் சக்கரமுள்ள எதைப் பற்றியும் கருத்துச் சொல்ல உரிமை பெற்றவர்.

"டூ ஸ்ட்ரோக்குன்னா ரெண்டு பேரு போகலாம், ஃபோர் ஸ்ட்ரோக்குன்னா நாலு பேரு. நீ ஒத்த ஆளா ஓட்டுனா அது எப்பிடியப்பா தாங்கும்?" என்றார்.

அடுத்தவர் திருமுருகன், இளைஞர். அவர் செல்போனில் இதற்கு வீடியோ இருக்கிறது என்று தேடினார். ஒரு நகைக்கடை விளம்பரம் ஓடியது. அது முடிந்து இன்னொன்று ஓடியது. அதற்குள் இன்னும் சிலர் சேர்ந்துவிட்டார்கள். டூ ஸ்ட்ரோக் இழுவையா, ஃபோர் ஸ்ட்ரோக் இழுவையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, பழைய பஸ், பழைய பைக், செத்துப்போன ஒரு மெக்கானிக் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி, தாரில் விழுந்த இடத்திலேயே காய்ந்தது. நாகராசு மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரய்யா பேச்சோடு பேச்சாக எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த ஒரு மூடியைத் திருகினார். அது எதன் மூடி என்று அவருக்குத் தெரியாது. அதோடு சேர்ந்து ஓர் அளவுக்குச்சி வந்தது. காய்ந்து கறுத்துப்போயிருந்தது.

"எண்ணெ எப்பப்பா ஊத்துன?"

"தெனமும் ஊத்துறேங்க. இன்னைக்குக் காலையிலகூட ஊத்துனேன்."

"எதுல?"

"பெட்ரோல்ல."

வீரய்யா குச்சியையும் டேங்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திருமுருகன் மெதுவாக, "அப்ப இதுல?" என்று மூடியைக் காட்டினார்.

"அதுக்கு இங்கிட்டு ஒரு வாயி இருக்குறதே எனக்கு இப்பத்தாங்க தெரியும்" என்றார் நாகராசு.

சிரிப்பு அடங்கும் முன்னே அவர் போன் அடித்தது. சொர்ணம் என்று நினைத்து எடுத்தார். காவ்யா. அம்மா பூண்டு உரித்து வைத்துவிட்டதாகச் சொன்னாள். பின்னால் குழந்தையின் குரல் கேட்டது. "அவசரம் ஒண்ணும் இல்லண்ணே. பிள்ள வெரலச் சப்பிக்கிட்டு அமத்தலாத்தான் கெடக்கு" என்றாள். அமர்த்தலாகக் கிடக்கும் பிள்ளையின் குரல் அப்படிக் கேட்காது.

நாகராசு கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். யாராவது இந்தச் சுறாவை மட்டும் கொண்டுபோய் அந்த வீட்டில் கொடுத்துவிட முடியுமா? திருமுருகனின் பைக் அங்கேயே நின்றது. நாளைக்கு அதில்தான் பெண் பார்க்கப் போகிறாராம், மீன் தண்ணீர் பட்டால் வாடை போகாதாம். வீரய்யாவுக்குக் கிருத்திகை விரதமாம்.

(நானும் கிருத்திகை விரதம் இருப்பவன்தான். ஒரு தாய்க்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்ததால் முருகன் என்மேல் கோபிப்பார் என்றால், அவரை நான் இத்தனை நாள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்.)

நாகராசு சுறாவை ஈரச்சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். பெட்டியில் மற்ற மீன்கள் இருந்தன. திரும்பி வரும்போது அதில் ஆலோசனை மட்டுமே மிஞ்சியிருக்கும் என்று தெரியும். இருந்தும் நடக்கத் தொடங்கினார். அப்போது பின்னாலிருந்து ஒரு படபடப்பு கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அது எந்த வண்டி என்று அவருக்குத் தெரிந்தது. அவருடைய பழைய வண்டி.

6

அதில் வந்தவள் அடைக்கலமேரி. இவளை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குத் தாமதமாக அறிமுகமாவது நாகராசுவுக்கு வசதி என்று விட்டுவிட்டேன். கடலுக்குப் போன கணவன் முதுகு போய்ப் படுத்துவிட்டதால், மீன் விற்க இறங்கியவள். ஆரம்பத்தில் நாகராசுவிடம் லைனில் ஒரே ஓர் ஊரைக் கேட்டாள். இந்த ஊரைத்தான் கேட்டாள். அவர் தரவில்லை. அவள் புரோக்கர் மூலம் வாங்கியது தன் பழைய வண்டி என்று தெரிந்தபோது அவருக்கு இன்னும் கசந்தது. பெட்ரோலில் எண்ணெய் எவ்வளவு கலப்பது என்று அவள் நேரில் வந்து கேட்டாள். வண்டியை விற்ற புரோக்கரிடம் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார். அன்றுமுதல் கண்மாய்க்கரை வழியாக அடுத்த ஊர்களுக்குப் போகும்போது, இந்த ஊருக்குத் திரும்பும் பாதையை அவள் ஏறிட்டும் பார்த்ததில்லை.

இப்போது அவள் வண்டியை நிறுத்தினாள். பூட்டிக்கொண்ட வண்டியையும், கூட்டத்தையும், அவர் தோளில் ஈரச்சாக்கையும் பார்த்தாள்.

"யாருக்குண்ணே?"

"சொர்ணத்தம்மா மகளுக்கு. கோயிலுக்குப் பின்னால ஓட்டு வீடு." சாக்கைத் தோளிலிருந்து இறக்கினார். "நீ கொண்டுபோயிக் குடுத்துரு மேரி."

"இந்தச் சத்தத்தோட நான் ஊருக்குள்ள போனா எல்லாரும் சட்டியத் தூக்கிக்கிட்டு வருவாங்கண்ணே. நாளைக்கு நீங்களே பேசுவீங்க."

"பேச மாட்டேன்."

[இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு வெகுநேரம் ஆனது. ஒரு வரைவில் அவர் நீண்ட மன்னிப்பு ஒன்று கேட்டார். அடித்துவிட்டேன். ஓர் ஊரையே தூக்கிக் கொடுக்கிறவர் அதற்கு மேல் ஒரு பேச்சும் பேச மாட்டார்.]

அவள் சாக்கை வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்து ஐஸை அள்ளி மூடினாள். கிளப்பினாள். நாகராசுவின் கண் பழக்கத்தில் புகைக்குழாய்க்குப் போனது. புகையே இல்லை.

"எண்ணெ கலந்துதான ஊத்துற?"

"ஞாபகம் வந்தா ஊத்துவேன். எவ்வளவுன்னு யாரு சொன்னா?"

அவர் தன் வண்டியிடம் ஓடினார். முன்பையில் நாளைக்கென்று வைத்திருந்த பாக்கெட்டை எடுத்து வந்து நீட்டினார். "இப்பவே ஊத்தி, வண்டிய நல்லா ஆட்டி விடு. இல்லாட்டி இதுவும் பூட்டிக்கிரும்."

"போயிட்டு வந்து ஊத்திக்கிறேண்ணே. சுறா கெட்டுப்போயிரும்" என்று பாக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

7

கண்மாயைச் சுற்றிப் போகும் சாலையில் அவள் மறைந்துவிட்டாள். சத்தம் மட்டும் முள்காட்டின் மேல் நேராக வந்துகொண்டிருந்தது. நாகராசு அதைக் கேட்டபடி நின்றார். மதகைத் தாண்டுகிறது. மேடு ஏறுகிறது. ஊருக்குள் திரும்பும் இடத்தில் வேகம் குறைகிறது.

சத்தம் நின்றது.

இதற்கு மேல் நான் எழுதிப் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு முடிவில், அவள் ஊர் எல்லையில் தானே வண்டியை அணைத்துவிட்டாள். சத்தம் கேட்டால் பெண்கள் வருவார்கள், ஊர் அவளுடையதாகிவிடும். அது வேண்டாமென்று, கொதிக்கிற வெயிலில் பெட்டியோடு வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீட்டைத் தேடிப் போகிறாள். இந்த முடிவை எழுதிவிட்டு எழுந்து சாமி படத்தின் முன் சற்று நின்றேன். எனக்கு இதில்தான் நம்பிக்கை. ஆனால் என் நம்பிக்கையைக் கேட்டு எஞ்சின் ஓடுவதில்லை.

இன்னொன்றில், எண்ணெய் இல்லாமல் வண்டி பூட்டிக்கொண்டது. அவள் வந்து கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தையை நாகராசு ஒரு பாக்கெட் தாமதமாகச் சொன்னார். இது நியாயமான முடிவு. விமர்சகர்களுக்குப் பிடிக்கும். குழந்தைக்குப் பிடிக்காது.

அல்லது அவர் சொன்னதை மதித்து, ஓரமாக நிறுத்தி, பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருக்கலாம்.

எது நடந்திருந்தாலும், கண்மாய்க்கு இந்தப் பக்கம் கேட்பது ஒரே நிசப்தம்தான். முடிவை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். தேர்ந்த பிறகு ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். எனக்கு எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை.

நிழற்குடையில் வாதம் மீண்டும் சூடுபிடித்துவிட்டது. திருமுருகனின் செல்போனில் விளம்பரங்கள் முடிந்து வீடியோ தொடங்குகிறது. வீரய்யா நாலாவது ஸ்ட்ரோக்கை விளக்கக் கையை உயர்த்துகிறார்.

நாகராசு திரும்பவில்லை. முள்காட்டைப் பார்த்தபடியே சொல்கிறார்:

"கொஞ்சம் பேசாம இருங்கய்யா."

நானும் பேசாமல் இருக்கிறேன். நீங்கள் காதைக் கொடுத்துப் பாருங்கள்.